எமெண்ட்: பிறர் எழுதியதைத் திருத்தும் வினை

அமெண்ட், எமெண்ட் என்ற இரண்டு ஆங்கில வினைகளையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டு எழுதுவது அலுவலகக் கடிதங்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் அடிக்கடி கண்ணில் படுகிறது. காதுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே; எழுத்திலும் ஒரே ஓர் உயிர்தான் வேறு. ஆனால் ‘ஒப்பந்தத்தை எமெண்ட் செய்தோம்’ என்று எழுதினால் ஷரத்தை மாற்றினோம் என்று பொருள்படாது. படியெடுத்தவர் கையில் கெட்டுப்போன ஒரு சொல்லைக் களைந்து, மூலத்தில் இருந்ததை மீட்டோம் என்றுதான் ஆகும். அமெண்ட் செய்ய அதிகாரம் வேண்டும். எமெண்ட் செய்ய ஆதாரம் வேண்டும். இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும்.

வேர் எளியது. லத்தீனில் மெண்டா அல்லது மெண்டும் என்றால் குறை: உடலில் உள்ள குறையும் அதுதான், எழுத்தில் விழுந்த பிழையும் அதுதான். ‘வெளியே’ என்று பொருள்படும் எக்ஸ் முன்னொட்டு தேய்ந்து முன்னால் சேர, எமெண்டாரே என்ற வினை பிறந்தது. குறையை வெளியே எடுப்பது என்பது அதன் பொருள். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதோ அழகுபடுத்துவதோ அந்தச் சொல்லுக்குள் இல்லை. பழைய பிரெஞ்சு வாயில் அதன் முதல் உயிர் அகரமாக மாறியது. அப்படி மாறிய வடிவம் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்துக்கு வந்து அமெண்ட் ஆயிற்று. அதே காலத்தை ஒட்டி முதல் அசை உதிர்ந்து மெண்ட் ஆனது. எமெண்ட் தாமதமாக, 1400ஐ ஒட்டி, படித்தவர்கள் லத்தீனிலிருந்து நேரே எடுத்துக்கொண்ட சொல். ஆக மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பிச்சையெடுத்து வாழும் துறவியைக் குறிக்கும் மெண்டிகண்ட் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். உடற்குறையால் இரந்து வாழ்ந்தவரைக் குறித்த லத்தீன் சொல்லின் வழி வந்தது.

மெண்ட் பொருளுக்கு உரியது: கிழிந்த சட்டை, அறுந்த வலை, உடைந்த வேலி. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

அமெண்ட் சட்டத்துக்கும், எழுதியவரே தம் எழுத்தை மாற்றுவதற்கும் உரியது. இதில் பிழை இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. இந்திய அரசியலமைப்பைத் திருத்த அதன் 368ஆம் பிரிவு, அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் கேட்கிறது. 1951இல் வந்த முதல் திருத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதையொட்டி 15ஆம் பிரிவில் நான்காவது உட்பிரிவு சேர்ந்தது. அதற்கு முன் இருந்த வாசகத்தில் எழுத்துப்பிழை ஏதுமில்லை. மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருந்தது, மாற்றியது. கணினி நிரல் எழுதுபவர்கள், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளில் பயன்படுத்தும் அமெண்ட் கட்டளையும் இந்தப் பொருளில்தான்: தாம் கடைசியாகச் செய்த பதிவைத் தாமே மாற்றி எழுதுவது. களர் நிலத்தில் இடும் ஜிப்சத்தை மண்ணுக்கான அமெண்ட்மெண்ட் என்று வேளாண் நூல்கள் சொல்வதும் அப்படியே. சோடியத்தை விலக்கிக் கால்சியம் அமர்ந்து மண்ணின் குணம் மாறுகிறது.

நீதிமன்ற வேலையில் இருப்பவர்கள் இன்னும் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வழக்குரையில் மாற்றம் கேட்பது, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 6ஆம் கட்டளை 17ஆம் விதியின் கீழ் அமெண்ட். தீர்ப்பிலோ தீர்ப்பாணையிலோ எழுத்துப்பிழை, கணக்குப்பிழை இருந்தால் அதே சட்டத்தின் 152ஆம் பிரிவின்படி நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம்; அது கரெக்ட். இருவரும் ஒன்றை எண்ணி, பத்திரத்தில் வேறொன்று ஏறிவிட்டால் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் 26ஆம் பிரிவு வழிகாட்டுகிறது, அது ரெக்டிஃபை. பதிவு அலுவலகத்தில் ‘பிழைத்திருத்தல் பத்திரம்’ என்று நாம் சொல்வது இதைத்தான். சர்வே எண் மாறிப்போனால் விற்றவர், வாங்கியவர் இருவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய வேண்டும். இவை எதிலும் எமெண்ட் வராது. வழக்கறிஞர் ஒருவர் மனுவில் எமெண்ட் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் தட்டச்சுப் பிழையே.

எமெண்ட் நூல்களுக்கு உரியது. அதிலும் எழுதியவர் மறைந்துபோய், அவர் கையால் எழுதிய படியும் போய், பிறர் எடுத்த படிகள் மட்டும் மிஞ்சிய நூல்களுக்கு. ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த இரண்டு கேட்டுக்கும் எதிரே நிற்பது இந்த வினை. ரோமாபுரியில் 4, 5ஆம் நூற்றாண்டுகளில் உயர்குடியினர் தங்கள் சுவடிகளின் பகுதி முடியும் இடத்தில் ‘எமெண்டாவி’, அதாவது ‘திருத்தினேன்’ என்று எழுதிவைத்தார்கள். ரோம வரலாற்றாசிரியர் லிவியின் நூலில் இப்படி ஒரு குறிப்பு, நிக்கோமாக்குஸ் டெக்ஸ்டர் என்பவர் தம் உறவினரான கிளெமென்டியானுஸின் படியோடு ஒப்பிட்டுத் திருத்தியதாகச் சொல்கிறது. யார் திருத்தினார், எந்தப் படியை வைத்துத் திருத்தினார் என்ற இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன. இன்று வெளியாகும் பல மறுபதிப்புகளில் இந்த இரண்டு தகவலும் இல்லை என்பது வருத்தம் தருவது.

இரண்டு வகைத் திருத்தம்

படிகளின் துணையால் செய்வது ஒன்று. அறிவின் துணையால் செய்வது மற்றொன்று. முதலாவதில் சரியான பாடம், அதாவது மூலத்தில் இருந்த சொல் வடிவம், ஏதோ ஓர் ஏட்டில் இருக்கிறது, தேடி எடுக்கிறோம். இரண்டாவதில் எந்த ஏட்டிலும் இல்லை, ஊகிக்கிறோம். இரண்டாவது அபாயமானது. முதலாவது முழுதும் முடிந்த பிறகே அதைத் தொடவேண்டும்.

ஊகத் திருத்தம் சிறப்பாக அமைந்ததற்கு ஆங்கிலத்தில் எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில், ஃபால்ஸ்டாஃப் இறந்ததை விடுதிக்காரி சொல்கிறாள். 1623ஆம் ஆண்டுப் பெரும்பதிப்பில் அந்த இடம், அவன் மூக்கு பேனாவைப் போலக் கூராக இருந்தது, ‘பசும் வயல்களின் ஒரு மேசையும்’ என்று முடிகிறது. பொருளில்லை. 1725இல் பதிப்பித்த அலெக்சாண்டர் போப், கிரீன்ஃபீல்டு என்பவர் நாடகக் குழுவில் அரங்கப் பொருள்களைக் கவனித்தவர், மேசையைக் கொண்டுவா என்ற அரங்கக் குறிப்பு வசனத்துக்குள் புகுந்துவிட்டது என்று சொல்லி அந்தத் தொடரையே நீக்கினார். லூயிஸ் தியோபால்டு 1726இல் வேறு வழி கண்டார். ‘எ டேபிள்’ என்று அச்சானது மூலத்தில் ‘எ பேபில்ட்’ என்றிருக்கும் என்றார். ‘எ’ என்பது ‘அவன்’ என்பதன் பேச்சு வடிவம். சாகும் நேரத்தில் பசும் வயல்களைப் பற்றி அவன் பிதற்றினான் என்று பொருள் தெளிந்தது.

இதை வெறும் சாமர்த்தியம் என்று விட்டுவிடக் கூடாது. அந்த ஊகம் ஏன் நின்றது என்று பிரித்துப் பார்த்தால் வேலையின் இலக்கணமே கிடைக்கும். சாகும் தறுவாயில் மனம் அலைவதற்கு அது பொருந்துகிறது. விடுதிக்காரியின் பேச்சு நடையும் மாறவில்லை. இவற்றைவிட முக்கியம், சரியான சொல்லிலிருந்து பிழையான சொல் எப்படி வந்தது என்பதற்கு விளக்கம் இருக்கிறது. அக்காலக் கையெழுத்தில் முதலெழுத்துகள் இரண்டும் மயங்கும். கடைசியில் வரும் டி, ஈ எழுத்துகளும் மயங்கும். அச்சுக் கோத்தவர் கண்ணில் ஒன்று மற்றொன்றாகப் பட்டிருக்கிறது. தியோபால்டிடம் இருந்த ஒரு படியின் ஓரத்தில் யாரோ ‘பேசினான்’ என்று ஊகித்து எழுதியிருந்தார். அந்தச் சொல்லும் பொருளில் சரிதான். ஆனால் அதிலிருந்து ‘மேசை’ வரும் வழி அத்தனை தெளிவாக இல்லை. பிழை பிறந்த வழியைக் காட்டாத ஊகம் பாதி ஊகமே.

மறுபக்கம் ரிச்சர்டு பெண்ட்லி. கிரேக்க, லத்தீன் நூல்களில் அவரைப் போலத் திருத்தியவர்கள் அரிது. அவர் 1732இல் மில்டனின் இழந்த சொர்க்கத்தைப் பதிப்பித்தார். மில்டன் பார்வையிழந்தவர், சொல்லச்சொல்லப் பிறர் எழுதியது, ஆகவே இடையில் இருந்த நண்பர் ஒருவர் நூலைக் கெடுத்துவிட்டார் என்று ஓர் ஆளைக் கற்பித்துக்கொண்டு நூறுநூறாகத் திருத்தினார். நரகத்தைப் பற்றிய ‘கண்ணுக்குத் தெரியும் இருள்’ என்ற தொடர் அவருக்கு முரணாகத் தோன்றியது. ‘ஊடுருவிப் பார்க்கக்கூடிய மங்கல்’ என்று மாற்றினார். காவியம் முடியும் இடத்தில் ஆதாமும் ஏவாளும் தனிவழியே தயங்கித் தயங்கி நடப்பதை, ஆறுதல் பெற்றுச் சேர்ந்து நடப்பதாக ஆக்கினார். 1667இல் மில்டன் உயிரோடிருந்தபோதே அச்சான நூல் அது. பெண்ட்லியின் திருத்தங்களில் சில தர்க்கத்துக்குச் சரியானவைகூட. ஆனால் அவர் தேடியது மில்டன் எழுதியதை அல்ல, மில்டன் எழுதியிருக்க வேண்டியதை. நூல் நன்றாக ஆகிறதா என்று கேட்கத் தொடங்கிய நொடியில் எமெண்ட் அங்கே முடிந்துவிடுகிறது.

நம் ஏடுகளில் இந்த வேலை

தமிழ் ஏடுகளில் எழுத்தே பாதி மறைத்துத்தான் தரும். புள்ளி வைப்பதில்லை, க என்றிருந்தால் க, க் இரண்டும் ஆகலாம். ஆகாரக் குறியான காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடில்லை. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் பிரிப்பில்லை. எகர ஒகரங்களுக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொன்னாலும் எழுதியவர்கள் வைக்கவில்லை. இரட்டைக்கொம்பை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வகுத்த பிறகே அச்சில் அது நிலைத்தது. ஆகவே ஒற்றைக்கொம்பு, க, கால், ல என்று ஓலையில் நான்கு குறிகள் வரிசையாக இருந்தால் அது கொல், கோல், கொல, கோல என்ற எதுவும் ஆகலாம். அந்தக் கால் ரகரமாகவும் இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும் அது இன்னும் திருத்தம் ஆகாது, வாசிப்புதான். திருத்தம் அதற்குப் பிறகே தொடங்குகிறது. இந்த இரண்டையும் கலந்துவிடும் பதிப்புகளில் அடிக்குறிப்பு வீங்கிக் கிடக்கும், உண்மையான பாடபேதம் அதற்குள் புதைந்துவிடும். புள்ளியிட்டதையும் காலைப் பிரித்ததையும் முன்னுரையில் ஒருமுறை சொன்னால் போதும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சிலிருந்து ணா, றா, னா, லை, னை ஆகியவற்றை இன்றைய வடிவில் தருவதும் அப்படியே.

வேலையை இந்த முறையில் செய்வது நல்லது. கிடைத்த ஏடுகள், காகிதப் படிகள், பழைய அச்சுகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வோர் எழுத்துக்குறி கொடுக்கவும். அவற்றுள் முழுமையான ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, பிழையும் உள்பட உள்ளது உள்ளபடியே பெயர்த்தெழுதவும். போகிறபோக்கில் சரிசெய்துகொண்டே எழுதும் பழக்கம் எல்லாவற்றையும் கெடுக்கும்; பிறகு எது ஏட்டில் இருந்தது, எது நம் கைவேலை என்று நமக்கே தெரியாது. அடுத்து ஒருவர் படிக்க, மற்றவர் தம் படியில் ஒப்பிட வேண்டும். படிப்பவர் ல, ள, ழ வரும் இடங்களில் குரலை நம்பாமல் எழுத்தின் பெயரையே சொல்லவேண்டும்: சின்ன ர, பெரிய ற; டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். பழைய ஏடுகளில் உள்ள லகர ளகர மயக்கங்களில் பல, ஒருவர் சொல்ல ஒருவர் எழுதிய நாளிலேயே விழுந்தவை. நாமும் அதே பள்ளத்தில் விழக் கூடாது.

ஒப்பிட்டு முடித்ததும் படிகளைக் குடும்பமாகப் பிரிக்க வேண்டும். இரண்டு ஏடுகள் சரியான பாடத்தில் ஒத்திருப்பது எதையும் காட்டாது. சரியானது எல்லோரிடமும் இருக்கலாம். ஒரே பிழையில் ஒத்திருந்தால்தான் உறவு. ஐந்து ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே வரியை விட்டிருந்தால் அவை ஒரே தாயேட்டின் பிள்ளைகள். அந்த ஐந்துக்கும் சேர்த்து ஒரு வாக்குதான். எண்ணிக்கை பார்த்துப் பாடம் தேர்வதால் வரும் தவறுகளே மறுபதிப்புகளில் மிகுதி.

பிழைகள் கண்டபடி விழுவதில்லை. சில வழிகளில்தான் விழும். ப, ய, வ போல் வடிவம் நெருங்கிய எழுத்துகள் மாறும். அடுத்தடுத்து வரும் ஒரே அசையில் ஒன்று விழும், அல்லது ஒன்று இரண்டாகும். எழுதுபவர் ஓர் அடியை முடித்துத் தாயேட்டைத் திரும்பப் பார்க்கும்போது, கண் அதே போலத் தொடங்கும் அடுத்த அடியில் போய் நின்றுவிடும், நடுவில் உள்ளது தொலையும். நம் செய்யுளில் அடிதோறும் எதுகை வருவதால் இந்தக் கண்தாவல் நடக்க வாய்ப்பு அதிகம். உரைச்சொல் மூலத்துக்குள் நுழைவதும் உண்டு. மூலமும் உரையும் பிரிவின்றி ஓடும் ஏடுகளில் இது தீராத தொல்லை. அருஞ்சொல்லை எழுதுபவர் தமக்குத் தெரிந்த எளிய சொல்லாக மாற்றிவிடுவார். ஆகவே இரு பாடங்களும் பொருளுக்கு இசையும்போது அரிதான சொல்லே மூலமாக இருக்க வாய்ப்பு மிகுதி. எளிதிலிருந்து அரிதுக்குப் போகும் எழுத்தர் இல்லை. இந்த விதியை வைத்துக்கொண்டு அர்த்தமே இல்லாத சொல்லை ‘அரிய பாடம்’ என்று தூக்கிப்பிடிப்பவர்களும் இருக்கிறார்கள், அது விதியின் குற்றமில்லை.

உரையாசிரியர் ஒரு சாட்சி. பதப்பொருள் சொல்லும் உரை, அவர் முன்னிருந்த பாடத்தைக் காட்டிக்கொடுக்கும். பரிமேலழகர் தாம் ஏற்காத பாடங்களையும் பல இடங்களில் எடுத்துக்காட்டி மறுக்கிறார். அந்த மறுப்பே வேறு பாடம் அவர் காலத்தில் வழங்கியதற்குச் சான்று.

யாப்பு இன்னொரு சாட்சி; வெண்பாவில் அது மிகக் கறாரான சாட்சி. ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக’ என்ற குறளை வைத்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ‘கற்க மாசறக் கற்பவை’ என்று ஒரு படி தருவதாக வைத்துக்கொள்வோம். பொருள் கெடவில்லை. ஆனால் கற்க என்பது தேமா. மாவுக்கு முன் நிரை வரவேண்டும். மாசற என்பது நேரில் தொடங்குகிறது. தளை, அதாவது சீரும் சீரும் இணையும் விதி, தட்டிவிட்டது; கூடவே அந்தச் சீரில் மோனையும் போயிற்று. கசடற என்றால் நிரைநிரை, விளம்; அடுத்து நேரசையில் கற்பவை, சரி. ஆக யாப்பே பிழையைப் பிடித்துவிட்டது. இப்போது ‘கற்க கசடறக் கற்றவை கற்றபின்’ என்று வேறொரு படி தருவதாகக் கொள்வோம். கற்பவை, கற்றவை இரண்டும் கூவிளமே. தளை, மோனை எல்லாம் சரியாக இருக்கின்றன. யாப்பு இங்கே வாய் திறக்காது. கற்றதையே கற்றபின் என்று வரும் பொருட்குறையும், பின்னால் வரும் ‘கற்றபின்’ எழுதுபவர் கண்ணில் முன்னதாகவே பட்டிருக்கக்கூடும் என்பதும்தான் முடிவு சொல்லவேண்டும். தளை சரியாக இருக்கிறது என்பதால் பாடம் சரி என்று நினைப்பது பெரிய பொறி. தளை தட்டினால் ஏதோ கெட்டிருக்கிறது என்று தெரியும்; தட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. ஆசிரியப்பாவில் இந்தத் துணையும் குறைவு, அங்கே மற்றத் தளைகளும் விரவும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பொருள் வராவிட்டால் ஊகம். ஊகித்த சொல் நான்கு கேள்விகளைத் தாண்டவேண்டும். இடத்துக்குப் பொருந்துகிறதா, யாப்புக்கு அமைகிறதா, அந்த நூலிலோ அக்கால நூல்களிலோ அப்படி ஒரு வழக்கு உண்டா, அதிலிருந்து ஏட்டில் உள்ள பிழை எப்படி வந்திருக்கும். நான்கில் ஒன்று தவறினாலும் அது மூலத்தில் ஏறக்கூடாது. அடிக்குறிப்பில் ‘போலும்’ என்று நிற்கட்டும். ஒன்றும் தோன்றாவிட்டால் அப்படியே விட்டு, மேனாட்டுப் பதிப்புகளில் கெட்ட இடத்தின் இருபுறமும் குறுவாள் குறி இடுவது போல ஓர் அடையாளம் இட்டுவிட வேண்டும். இடைவெளியை இடைவெளியாகக் காட்டுவது தோல்வியல்ல. 1894இல் புறநானூற்றை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர், 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்காததால் அந்த எண்களை வெறுமையாகவே விட்டார். சிதைந்த அடிகளுக்குப் புள்ளிகள் இட்டார். பதிற்றுப்பத்தின் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இன்றுவரை இல்லை. எவரும் எழுதிச் சேர்க்கவும் இல்லை. குறிஞ்சிப்பாட்டின் பூக்களின் வரிசையில் தம்மிடமிருந்த ஏடுகள் விட்டிருந்த பெயர்களை அவர் இட்டுக்கட்டவில்லை. தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவை கிடைத்தன. அந்த இடத்தில் யாப்புக்குப் பொருந்தும் வேறு மூன்று நான்கு பூப்பெயர்களை அவரைப் போன்ற புலவர் எளிதாக எழுதியிருக்க முடியும். எழுதியிருந்தால் கபிலர் சொன்ன பூக்கள் எவை என்று நமக்குத் தெரியவே வந்திருக்காது.

கணினியில் அதே மயக்கம்

காலும் ரகரமும் மயங்குவது ஓலையோடு ஒழிந்ததாக நினைக்க வேண்டாம். பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் ‘அவர்’ என்பது ‘அவா்’ என்று வகரம், கால், புள்ளி என வரிசையாக இருப்பது சாதாரணம். திரையில் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும்; தேடினால் அகப்படாது. இங்கே மொத்தமாக மாற்றுவதில் அபாயமில்லை. காலுக்குப் பின் புள்ளி வருவது தமிழில் எங்கும் முடியாது. ஆகவே கால்+புள்ளி என்றிருப்பதெல்லாம் ர். கால்+இகரக் குறி என்றிருப்பதெல்லாம் ரி.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘பேர்’ என்பதில் இரட்டைக்கொம்பும் பின்னால் வரும் போலிக் காலும், பிரிந்து நிற்கும் குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடு சீராக்கத்தில் ஒன்றாகி ஓகாரக் குறி ஆகிவிடும். ‘போ்’ என்று நிற்கும். ‘சேர்ந்த’ என்பது ‘சோ்ந்த’ ஆகும். கால்+புள்ளியை மட்டும் தேடினால் இவை தப்பிவிடும். ஆகவே ஓகாரக் குறி+புள்ளியை ஏகாரக் குறி+ர் என்றும், ஒகரக் குறி+புள்ளியை எகரக் குறி+ர் என்றும் தனியே மாற்றவேண்டும். சீராக்கத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை தேடுவது பாதுகாப்பு.

ஔகாரம் இதற்கு நேர் எதிர். ‘மௌனம்’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக ‘மெளனம்’ என்றும், ‘ஔவை’யை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவை’ என்றும் அடித்த கோப்புகள் ஏராளம். சீராக்கம் இதைத் தொடாது. யூனிகோடில் ஔகாரத்தின் வால் தனிக்குறி, ளகரம் வேறு எழுத்து. மொத்தமாக மாற்றினால் ஒளி, வெளி, தெளிவு, வெள்ளம் எல்லாம் சிதைந்துபோகும். ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் தேடி, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே மாற்றவேண்டும். க, உ, எ ஆகியவற்றின் இடத்தில் தமிழ் எண்கள் 1, 2, 7 உட்கார்ந்திருக்கும் கோப்புகளையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். ஒரு வடிவம் மொழியில் வரவே முடியாது என்றால் மொத்தமாக மாற்றலாம். எங்கேனும் வரக்கூடும் என்றால் ஒவ்வொன்றாக. தியோபால்டும் உ.வே.சா.வும் செய்த அதே வேலைதான் இது, அளவில் மட்டும் சிறியது.

பதிவேடு

திருத்தத்தை மூலத்துக்குள் போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் மன்னிக்க முடியாத பிழை. ஒரு விரிதாள் போதும்: பக்கம், வரி, இருந்தது, ஆக்கியது, ஆதாரம், செய்தவர், நாள். ஆதாரம் என்ற கட்டத்தில் ஏட்டின் குறி வரவேண்டும், அல்லது ‘ஊகம்’ என்று வரவேண்டும். ‘பொருள் தெளிவுக்காக’ என்று எழுத நேர்ந்தால் அந்தத் திருத்தத்தைத் திரும்ப எடுத்துவிடலாம். அச்சில், பதிப்பாசிரியர் சேர்த்ததைக் கோண அடைப்பிலும், ஏட்டில் இருந்து தாம் நீக்கியதை நெளி அடைப்பிலும், ஓலை முறிந்து இழந்ததைச் சதுர அடைப்பிலும் காட்டும் வழக்கம் 1931இல் லெய்டனில் வகுத்த முறையை ஒட்டி வந்தது. தமிழ் நூலிலும் இது தடையின்றிப் பொருந்தும். ஆனால் சதுர அடைப்பை நாம் வேறு பலவற்றுக்கும் பயன்படுத்துவதால் முதல் பக்கத்தில் விளக்கம் இருப்பது அவசியம். மின்பதிப்பில் டி.இ.ஐ. (டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ்) குறியீட்டு முறை இன்னும் நேர்த்தியானது: பிழையான வடிவமும் திருத்திய வடிவமும் ஒரே இடத்தில் இரண்டு குறிச்சொற்களுக்குள் அடுத்தடுத்து உட்காரும், வாசகர் எதை வேண்டுமானாலும் திரையில் வரவழைத்துக்கொள்ளலாம்.

பிறர் எழுதியதை மேற்கோள் காட்டும்போது அதில் பிழை இருந்தால் எமெண்ட் செய்யக்கூடாது. ‘மூலத்தில் இப்படியே’ என்று அடைப்பில் குறித்து உள்ளபடியே தரவேண்டும். ஆங்கிலத்தில் சிக் என்று இடுவது இதற்குத்தான். உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் நூல் என்றால் எமெண்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கிறார், கேட்கவேண்டும். அவர் ஒப்பி மாற்றினால் அது அமெண்ட்.

அச்சாகி வெளிவந்த பிறகு பிழை தெரிந்தால், அது யாருடைய பிழை என்று பார்த்துத் தலைப்பிடுவது ஆய்விதழ்கள் பலவற்றில் வழக்கம்: அச்சகத்தின் பிழை எராட்டம், ஆசிரியரின் பிழை கொரிஜெண்டம். நம் பழைய நூல்களின் கடைசியில் வரும் பிழைதிருத்தப் பட்டியலில் பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு பத்திகள் இருக்கும். மறுபதிப்புக்குத் தட்டச்சு செய்யக் கொடுக்கும்போது அந்தக் கடைசித் தாளை முதலில் பிரித்தெடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு திருத்தத்தையும் நூலின் உரிய பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஏற்றிய பிறகே கொடுக்கவேண்டும். முதல் பதிப்பாசிரியர் தாமே கண்டு களைந்த பிழைகள், அந்தத் தாளைப் பார்க்காத மறுபதிப்புகளில் அப்படியே திரும்பவும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.